காம்பா கேட்ட உறவுமுறை

வடபழனியில் ஒரு வாத்தியப் பட்டறை இருந்தது. சினிமாப் பாட்டுக்கு ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து வாசித்த காலம் அது. ஸ்டுடியோக்களில் விரிசல் விட்டது, ஒட்டுப் பெயர்ந்தது, கழுத்து முறிந்தது எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். பட்டறைக்காரர் பெயர் இஸ்ரவேல். கைத்தொழிலில் சுத்தம். தெரியாததையும் தெரிந்த மாதிரி பேசுவதில் அதைவிடச் சுத்தம்.

அங்கே ஒரு செல்லோ குப்புறப் படுத்திருந்தான். வயலினை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வளர்த்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிப்பார்களே, அந்த வாத்தியம். முதுகோரத்தில் ஒட்டு விட்டுப்போய் வைத்தியத்துக்கு வந்திருந்தான். மரத்துக்கு ஏது ஆண் பெண் என்று என்னிடம் கேட்காதீர்கள். அவன் குரலைக் கேட்டால் நீங்களும் 'அவன்' என்றுதான் சொல்வீர்கள்.

சுவரில் ஒரு வயலின் தொங்கியது. செல்லோவுக்குச் சொந்தம். உருவத்தில் கால்வாசிகூட இல்லை, அதிகாரத்தில் அண்ணன். எதிர்ச் சுவரில் ஒரு கிதார். அவனுக்கு அதிகாரமும் இல்லை, கவலையும் இல்லை. யார் வந்தாலும் முதலில் சிரிப்பவன் அவன்தான்.

ஒரு நாள் காலையில் கன்னியப்பன் என்பவர் வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்தி, போர்வை சுற்றிய ஒன்றை உள்ளே தூக்கி வந்தார். சினிமா செட்டுகளுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவர் அவர். சிம்மாசனம், பீரங்கி, பஞ்சு அடைத்த புலி, எது கேட்டாலும் அவர் கிடங்கில் கிடைக்கும்.

"அண்ணே, இந்தச் செல்லோவைக் கொஞ்சம் பாருங்க" என்றார். "பாண்டிச்சேரியில ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டு ஏலத்துல எடுத்தது. இவ்ளோ நாள் பணக்காரன் வீட்டு ஹால் செட்டுல ஒரு மூலையில நிக்க வெச்சுட்டு இருந்தேன். இப்ப ஒரு டைரக்டர், ஹீரோயின் வாசிக்கிற மாதிரி குளோசப் வேணும்ங்கறார்."

இஸ்ரவேல் போர்வையை விலக்கினார். திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"செல்லோதான். ஆனா எவனோ விவரம் கெட்டவன் கைல மாட்டிருக்கு. பாரு, நாலு தந்தி போட வேண்டிய எடத்துல ஆறு போட்டிருக்கான். கழுத்து ஒடைஞ்சிருக்கும் போல, நரம்பை வரிசையா சுத்திக் கட்டி வெச்சிருக்கான். அடியில ஊனி நிக்கக் கம்பியும் இல்ல."

"சரி பண்ணிடலாமா?"

"அந்தக் கட்டுகளை அறுத்து எறிஞ்சு, மிச்ச ரெண்டு தந்தி ஓட்டையை அடைச்சு, அடியில துளை போட்டுக் கம்பி ஏத்தினா அசல் செல்லோ. தோள்தான் சரிஞ்சு கெடக்கு. அதை ஹீரோயின் தலைமுடி மறைச்சுக்கும். நாளன்னைக்கு வா."

கன்னியப்பன் நிம்மதியாகப் போனார். கழுத்தில் சுற்றியிருந்தது முறிவுக்குப் போட்ட கட்டு அல்ல; வீணைக்கு மெட்டு இருப்பதுபோல வந்தவளுக்கு அதுதான் மெட்டு. அது இஸ்ரவேலுக்கும் தெரியவில்லை, கன்னியப்பனுக்கும் தெரியவில்லை. அவள் செல்லோவே இல்லை. வேறொரு பழைய ஐரோப்பிய வில் வாத்தியம், பெயர் வயோலா ட காம்பா. சுருக்கமாகக் காம்பா என்றே சொல்லிக்கொள்வோம்.

இஸ்ரவேல் டீ குடிக்கப் போனதும் காம்பா முதன்முதலாகச் செல்லோவை நன்றாகப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணை எடுக்கவே இல்லை.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றான் செல்லோ.

"உங்களை நான் முன்னமே பாத்திருக்கேன். ஒரு பாட்டு ஷூட்டிங். நான் செட்டுல புலிக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். எதிர்ல வாத்தியக்காரங்க வரிசையா உக்காந்திருந்தாங்க. அதுல ஒருத்தரோட முழங்காலுக்கு நடுவுல உங்களை மாதிரியே ஒருத்தர். மேல வில் ஓடிட்டிருந்துச்சு. எனக்கு என் முகத்தையே பாத்த மாதிரி இருந்துச்சு. அன்னையிலேருந்து இப்படி ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்னுதான் நெனச்சிட்டே இருக்கேன்."

"உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"இருந்தாங்க. நாங்க ஆறு பேர். சின்னதும் பெரிசுமா ஒரே பெட்டியில இருந்தோம். சேர்ந்தேதான் வாசிப்பாங்க. ஏலத்துல ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். அதுக்கப்புறம் யாரும் என்னை வாசிக்கல. தூசி தட்டுறதோட சரி."

பிறகு கேட்டே விட்டாள்.

"நான் உங்களுக்கு என்ன முறை வேணும்?"

நம் ஊரில் இது சாதாரணக் கேள்வி இல்லை. முறை தெரிந்தால்தான் உரிமையோடு கூப்பிடலாம், கோபித்துக்கொள்ளலாம், வாசலில் நின்று 'சாப்பிட்டாயா' என்று கேட்கலாம். முறை இல்லாதவர் எத்தனை நாள் பக்கத்தில் நின்றாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

செல்லோ யோசித்தான். அதற்குள் சுவரிலிருந்து வயலின் முந்திக்கொண்டது.

"தம்பி, அவசரப்பட்டு வாக்குக் குடுக்காதே. மொதல்ல என்ன வீடுன்னு விசாரி. ஏம்மா, உனக்குத் தந்தி எத்தனை?"

"ஆறுங்க."

"எங்களுக்கு நாலு. தந்திக்குத் தந்தி சுரத்துல எவ்வளவு தள்ளி நிக்குது?"

"ச-விலேருந்து ம வரைக்கும். நடுவுல ஒரு எடத்துல மட்டும் க."

"நாங்க ச-வுக்கு ப. பஞ்சமத்துல நிக்கிற வீடு. முதுகு?"

"தட்டை."

"எங்களுக்கு வளைவு. வில்லை எப்படிப் பிடிப்பாங்க?"

"உள்ளங்கை மேல பாக்கக் கீழேருந்து பிடிப்பாங்க."

"பிச்சை வாங்கற மாதிரியா!" என்று வயலின் சிரித்தது. "எங்களுக்குக் கை மேலேருந்து வரும். கடைசியா, அந்தக் கழுத்துல கட்டியிருக்கியே, அது எதுக்கு?"

"சுரம் எங்க இருக்குன்னு விரல் தடுமாறாம இருக்க. அங்க அழுத்தினா, சும்மா விட்ட தந்தி மாதிரியே மணி அடிச்சாப்பல கேக்கும்."

"கேட்டியா தம்பி? மெட்டு வெச்சவங்களோட நமக்கு எந்தக் காலத்துலயும் சம்பந்தம் கிடையாது. கச்சேரி மேடை ஏறினவங்க நாம. முழங்காலுக்கு நடுவுல நின்னுட்டா முறை வந்துடுமா?"

காம்பா செல்லோவைப் பார்த்தாள். அவன் என்ன சொல்வான்? அண்ணன் சொன்னதைத்தான் சொன்னான்.

"மன்னிச்சுக்கோங்க. பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் நாம வேற வேற வீடு. முறைன்னு ஒண்ணும் இல்ல."

எதிர்ச் சுவரிலிருந்து கிதார்தான் குரல் கொடுத்தான்.

"அக்கா! அவங்க கெடக்கறாங்க. எனக்கு ஆறு தந்தி, எனக்கும் மெட்டு. நானும் ச-வுக்கு ம, ஒரே ஒரு எடத்துல க. முதுகுகூடத் தட்டைதான். இதுக்கு மேல என்ன சாட்சி? நீங்க எங்க வீட்டு ஆளு!"

காம்பாவுக்கு அவன்மேல் பிரியம் வந்தது. "சரிதான் தம்பி. ரத்தம் பாத்தா நீதான் சொந்தம். ஆனா உனக்கு வில் இல்லையே. இழுத்து இழுத்து ஒரே சுரத்தை எவ்வளவு நேரம் பிடிச்சு வெக்கலாம்னு உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

கிதாருக்குக் கோபம் வரவில்லை. பாவம், அவனுக்குக் கோபிக்கவே தெரியாது. ஆனால் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். வீடு தேடி வந்த தம்பியை விட்டுவிட்டு, வாசலைச் சாத்திய வீட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏக்கம் என்பது எப்போதும் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

மறுநாள் மத்தியானம் செல்லோவின் ஒட்டு காய்ந்தது. அவனை வாசிக்கிற ஜெசிந்தா வந்தாள். பெரம்பூர்ப் பெண், மாதா கோயில் பாடற்குழுவில் தொடங்கி ஸ்டுடியோ வரைக்கும் வந்தவள்.

"அங்கிள், ஒரு தடவ வாசிச்சுப் பாத்துடறேன்" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் வில்லை வைத்துக் கீழ்த் தந்தியில் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தாள். பட்டறை முழுவதும் அந்தச் சத்தம் நிறைந்தது. அவள் வில்லை எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. மூலையிலிருந்து மெல்லிசாக, தூரத்து வீட்டில் யாரோ பாடுவதுபோல, அதே சுரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு அங்கிள் அது?"

"லாரி ஏதாவது போயிருக்கும்மா. ஜன்னல் சட்டம் அதிருது."

ஜெசிந்தா நம்பவில்லை. இன்னொரு சுரம் வாசித்தாள். மறுபடி மூலையிலிருந்து பதில் வந்தது. எழுந்து போய்க் காம்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். மரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். தந்தியும் ஆடும் என்று அன்றைக்குத்தான் செல்லோ தெரிந்துகொண்டான். அவன் எத்தனையோ செல்லோக்களோடு வரிசையில் உட்கார்ந்து வாசித்தவன். அவர்கள் எல்லோரும் சேர்ந்தால் அவன் குரல் பெரிதாகும், அவ்வளவுதான். இவள் சேர்ந்தபோது குரல் பெரிதாகவில்லை. அவன் சொல்ல நினைத்துச் சொல்ல வராத ஏதோ ஒன்றை யாரோ மெதுவாக எடுத்துச் சொன்னதுபோல இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு அழவேண்டும்போல இருந்தது.

"அங்கிள், இது விக்கிறதா?" என்று ஜெசிந்தா கேட்டாள். "இதை இப்படியே, இந்த ஆறு தந்தியோட எடுத்துட்டுப் போய் வாசிச்சுப் பாக்கணும் போல இருக்கு."

"கன்னியப்பனோட சினிமாச் சாமான்மா. நாளைக்குக் காலையில அறுத்துச் சரி பண்றேன். துளை போடும்போது பிளந்துக்கிச்சுன்னா அவனுக்கு வேலைக்கு ஆகாது. அப்ப கேட்டா உனக்கே குடுத்துடுவான். விரிசலை ஒட்டி, மறுபடி ஆறு தந்தியும் அந்தக் கட்டும் போட்டு வாசிக்கிற மாதிரி நான் பண்ணித் தரேன்."

"பிளக்கட்டும்னு ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று சிரித்தாள் ஜெசிந்தா. "இவனை நாளைக்கு வந்து எடுத்துக்கறேன். இன்னைக்கு நேரா ரெக்கார்டிங், அங்க வேற ஒண்ணு இருக்கு."

அவள் போய்விட்டாள். பட்டறையில் எல்லோருக்கும் ஒன்று தெரியும். மரத்துக்கு ஒரே ஓர் உரிமை உண்டு. பிடிக்காத இடத்தில் துளை போட்டால் அது பிளந்துகொள்ளலாம். எந்தத் தச்சனாலும் அதைத் தடுக்க முடியாது.

காம்பாதான் முதலில் பேசினாள்.

"கேட்டீங்களா? நான் பிளந்துக்கிட்டா உங்க வீட்டுக்கே வந்துடலாம். ஆனா எனக்குப் பயமா இருக்கு. முறை இல்லாத வீட்டுல போய் எப்படி நிக்கிறது? அதனால மறுபடி கேக்கறேன். இப்படியே, இந்த மெட்டோட, இந்தத் தட்டை முதுகோட நான் உங்களுக்கு யாரு? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கு நான் பிளந்துக்கறேன்."

"சொல்லலைன்னா?" என்றான் செல்லோ, தரையைப் பார்த்தபடி.

"சொல்லலைன்னா மரத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கறேன். உங்களை மாதிரியே ஆயிடறேன். அப்புறம் கேக்கவே வேண்டாம், பங்காளிதானே? இப்படி ஒரு மூலையில யாருமில்லாம இனிமே என்னால நிக்க முடியாது."

சொல்ல வேண்டிய வார்த்தை அவன் நெஞ்சில் இருந்தது. அத்தை மகள். ஒரே வீடு அல்ல. ஒரே வீடாக இருந்தால் அந்த முறையே வராது. வேறு வீட்டில் பிறந்து, வேறு பெயர் சுமந்து, ஆனாலும் எல்லாரையும்விட நெருங்கிய உரிமையோடு வருகிறவள்தான் அத்தை மகள். மத்தியானம் அந்தச் சுரம் கேட்ட நொடியிலேயே அவனுக்கு அந்த முறை விளங்கிவிட்டது.

ஆனால் சுவரில் வயலின் இருந்தது. "ஊரோடு ஒத்து வாழ்னு சும்மாவா சொன்னாங்க" என்று அது பொதுவாகச் சொல்லிவைத்தது. "நம்மள மாதிரி ஆயிட்டா யாரு வேண்டாம்னு சொல்லப் போறா? நல்ல பொண்ணு. அந்த மெட்டு போனாப் போதும்."

செல்லோ அதைக் கேட்டு ஆறுதல் அடைந்தான். ஆமாம், அதுவும் நல்லதுதானே? அவளும் நாலு தந்தியோடு வந்துவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அண்ணனும் ஏற்றுக்கொள்வான், அவளும் பக்கத்தில் இருப்பாள். நல்ல வார்த்தையை நாளைக்கும் சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலும் காரியம் நடக்கும் என்று கணக்குப் போட்டான். கோழைகளுக்கு இந்தக் கணக்கு எப்போதும் சரியாகவே வரும்.

அவன் பேசாமல் இருந்தான். அவள் காத்துக்கொண்டிருந்தாள். பட்டறையைப் பூட்டிக்கொண்டு இஸ்ரவேல் வீட்டுக்குப் போனார்.

காலையில் அவர் முதல் வேலையாகக் கத்தியை எடுத்து மெட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அவை சுருண்டு தரையில் விழுந்தன. கிதார் "ஐயோ அக்கா" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, செல்லோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்ரவேல் தந்திகளை அவிழ்த்தார். தந்தி முறுக்கும் பிருடைகளில் இரண்டைப் பிடுங்கி, ஓட்டைகளில் ஆப்பு அடித்தார். அகலமான கழுத்தை இரண்டு பக்கமும் செதுக்கினார்.

பிறகு அவளைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் துளைப்பானை வைத்தார். அதுதான் அவள் பிளக்க வேண்டிய இடம். துளைப்பான் சுற்றத் தொடங்கும் முன் அவள் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள்.

'சொல்' என்று செல்லோவின் உடம்பெல்லாம் கத்தியது. வயலின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. செல்லோ வாயைத் திறப்பதற்குள் துளைப்பான் சுற்றிவிட்டது.

அவள் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு நார்கூடப் பெயரவில்லை.

"அடேயப்பா, என்ன அருமையான கட்டை!" என்றார் இஸ்ரவேல். "இவ்ளோ பழசு, கொஞ்சங்கூடப் பிளக்கல பாரேன். சொன்னபடி கேக்குது."

சாயங்காலத்துக்குள் நாலு தந்தியும் ஏறிவிட்டன. அடியில் கம்பி பளபளத்தது. இஸ்ரவேல் அவளைச் செல்லோவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். எத்தனையோ வருஷமாக அவள் ஏங்கிய இடம் அது. வயலின்கூட "வாம்மா, வா" என்றது.

ஜெசிந்தா வந்தாள். நேராக மூலையைப் பார்த்தாள்.

"அங்கிள், அது எங்க?"

"எது? அதா? அதுதான்மா இது. கடுகளவுகூடப் பிளக்கல. உன் ஜெபம் பலிக்கல."

ஜெசிந்தா வில்லை எடுத்து அவள்மேல் ஓர் இழுப்பு இழுத்தாள். பழுதில்லாத, கனமான செல்லோச் சத்தம் வந்தது. இன்னொரு தடவை இழுத்து, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு வில்லை வைத்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எங்கிட்ட இருக்கிறதே போதும் அங்கிள்."

அவள் உள்ளே கைகழுவப் போனாள். இன்னும் சற்று நேரத்தில் செல்லோவை உறைக்குள் போட்டுவிடுவாள். அப்புறம் அவன் பெரம்பூருக்கும் இவள் புலி நிற்கும் கிடங்குக்கும் போய்விடுவார்கள். செல்லோவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. அண்ணன் கேட்டால் கேட்கட்டும், ஊரே கேட்கட்டும். வெட்கத்தை விட்டு, நேற்றிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த வார்த்தையை அவன் சத்தமாகவே சொன்னான்.

"அத்தை மகளே!"

பக்கத்தில் நின்றவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் குரலிலேயே கேட்டாள்.

"யாரைக் கூப்பிடறே, பங்காளி? இங்க நம்ம வீட்டு ஆளுங்க மட்டும்தானே இருக்கோம்?"